கம்பி வளையணும், பிக் வளையக்கூடாது: ஃப்ளாட்பிக்கிங்குக்கு பிக் தேடுன ரெண்டு மாசம்

நமக்கு வீடு மதுரை செல்லூர். ஏழு வருசமா சர்ச் கொயர்ல ரிதம் கிட்டார் வாசிக்கிறேன், யமஹா எஃப்310, பாஸ்பர் வெண்கலக் கம்பி 12-53 செட்டு (மெல்லிசு கம்பி அங்குலத்துல ஆயிரத்துல 12 பங்கு தடிமன், தடிச்சது 53 பங்கு). இந்த ஏழு வருசமும் என் கையில இருந்தது ஒரே ஒரு ரகம் பிக்கு (கம்பிய மீட்டுற சின்னத் தகடு) தான், 0.46 மில்லிமீட்டர் நைலான், பனை ஓலை விசிறி மாதிரி மடங்கும். கொயருக்குப் பின்னாடி சும்மா கோர்டு புடிச்சு மேலயும் கீழயும் வீசுறதுக்கு அது அம்சமா இருக்கும், ஆறு கம்பியும் ஒரே அளவுக்குப் பேசும், பாடுறவங்க குரல அமுக்காது. அத மாத்தணும்னு எனக்கு தோணுனதே இல்ல.

இந்த வருசம் ஈஸ்டர் முடிஞ்சப்புறம் தான் ஃப்ளாட்பிக்கிங் பக்கம் வந்தேன். தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லிர்றேன், கோர்டு அடிக்காம, பாட்டோட மெட்டையே ஒவ்வொரு சுரமா ஒத்த பிக்க வச்சு மேல கீழ மேல கீழன்னு மாத்தி மாத்தி மீட்டி வேகமா வாசிக்கிறது. அமெரிக்காவுல ப்ளூக்ராஸ்ங்கிற நாட்டுப்புற பாணி இசைக்காரங்க வளர்த்த வாசிப்பு இது, பிடில்ல வாசிக்கிற மெட்ட அப்படியே கிட்டாருக்குக் கொண்டாந்தாங்க, டாக் வாட்சன், கிளாரன்ஸ் வைட், டோனி ரைஸ் இவங்க மூணு பேரு வாசிப்பையும் கேட்டா ஒரு கிட்டார்ல இம்புட்டு தெளிவா ஒவ்வொரு சுரமும் விழுமான்னு இருக்கும். எனக்கு ஆசை என்னன்னா நம்ம ஊரு தெம்மாங்கு மெட்டையும் கும்மி மெட்டையும் இதே மாதிரி வாசிக்கணும்னு.

உக்காந்து வாசிச்சா வரல. ரெண்டு வாரம் தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் பழகுனேன், மெதுவா வாசிக்கையில கூட ஓரளவுக்கு இருக்கு, வேகத்த கூட்டுனா சுரமெல்லாம் பின்னாடி பின்னாடி வருது, மெல்லிசுக் கம்பி ரெண்டும் தகரத்துல தட்டுன மாதிரி கீச்சுன்னு கேக்குது, தடிச்ச கம்பிய மீட்டுனா பிக்கு தான் மடங்குதே ஒழிய கம்பி வாயத் தொறக்கவே மாட்டேங்குது. கை பழகலன்னு தான் நெனச்சேன்.

அப்பா தான் விசயத்த புடிச்சாங்க. அப்பா முப்பது வருசத்துக்கு மேல தறி ஓட்டுனவங்க, இசையெல்லாம் படிச்சதில்ல. உள்ரூம்ல படுத்துருந்தவங்க எந்திரிச்சு வந்து நெலப்படியில நின்னு கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "தம்பி, நீ ஒரு அடி அடிச்சா ரெண்டு சத்தம் வருதுப்பா. மொதல்ல டக்குன்னு ஒண்ணு, அதுக்கப்புறந்தான் கம்பி பேசுது. நாடா ஒழுங்கா போய்ச் சேரலைன்னா தறியிலயும் இப்பிடித்தான் ரெண்டு சத்தம் கேக்கும்"னாங்க. எனக்கு அது வரைக்கும் அந்த டக்கு காதுல தனியா விழவே இல்ல, அவங்க சொன்னப்புறம் அத தவிர வேற எதுவும் கேக்கல.

மறுநாளே போன்ல ரெக்கார்டு பண்ணி கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டிங்கிற சாஃப்ட்வேர்ல போட்டு பெருசாக்கிப் பாத்தேன். அப்பா சொன்னது அப்படியே படத்துல இருக்கு. ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னாடி முள்ளு மாதிரி ஒரு சின்ன கோடு நிக்குது, கொஞ்சம் இடைவெளி, அதுக்கப்புறம் தான் சுரத்தோட அலை கெளம்புது. முள்ளு, பிக்கு கம்பிய தொட்ட நேரம். அலை, கம்பி பிக்க விட்டுப் பிரிஞ்ச நேரம். நடுவுல இருக்குற இடைவெளியில பிக்கு மடங்கிக்கிட்டு இருக்கு.

இங்க தான் தடிமன் வருது. அக்கூஸ்டிக் கிட்டார்ல 12-53 செட்டு போட்டா ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய பத்துல இருந்து பதினாலு கிலோ இழுப்புல நிக்கும். அத ஒரு பிளாஸ்டிக் துண்டு வச்சு ஒதுக்கி விடுறோம். துண்டு மெல்லிசா இருந்தா கம்பி நகர்றதுக்கு முன்னாடி துண்டு மடங்கிரும், மடங்கி வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும், கம்பி கொஞ்சம் தான் நகர்ந்துருக்கும், அதுனால சத்தம் சின்னது, அடிநாதம் கம்மி, கீச்சு ஜாஸ்தி. அதோட மடங்குன பிக்கு திரும்ப நிமிரணும், நிமிர்றதுக்குள்ள நாம மேல்மீட்டுக்குக் கைய தூக்கிருவோம், அங்க தான் சுரம் பிந்துது. தடிச்ச பிக்கு மடங்காது, கம்பி தான் வளைஞ்சு குடுக்கணும், நாம விட்ட எடத்துல கம்பி பிரியும்.

அப்புறம் ஒரு கணக்கு இருக்கு, இது தெரிஞ்சப்புறம் தான் பிக்கு பாக்கெட்ல போட்டுருக்குற நம்பருக்கு எனக்கு மரியாதை வந்துச்சு. ஒரு தகடோட விறைப்பு அதோட தடிமன அதே தடிமனால பெருக்கி, மறுபடியும் அதாலயே பெருக்குன மாதிரி ஏறும். அதாவது 0.50 பிக்க விட 1.00 பிக்கு ரெண்டு மடங்கு விறைப்பு இல்ல, எட்டு மடங்கு. 0.73-ல இருந்து 0.88-க்கு போனா பாக்க ஒரு தாளு அளவு தான் வித்தியாசம், ஆனா விறைப்பு முக்கால் மடங்கு கூடிருது. 0.73-ல இருந்து 1.14-க்கு போனா கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதுனால தான் ஒரு படி மாத்துனாலே கைக்கு வேற கிட்டார் மாதிரி தெரியுது. இதுவும் ஒரே பிளாஸ்டிக்கா இருந்தா தான், நைலான் கொஞ்சம் மெதுவான சரக்கு, ஈரத்தையும் உறிஞ்சிக்கிட்டு இன்னும் மெதுவாகும், அதுனால 0.88 நைலானும், டெல்ரின்ங்கிற இன்னொரு பிளாஸ்டிக்ல செஞ்ச 0.88-ம் கையில ஒண்ணா இருக்காது.

சரி, எல்லா தடிமன்லயும் ஒண்ணு ஒண்ணு வாங்கி சோதிச்சுருவோம்னு கெளம்புனேன். டவுனுக்குள்ள ஒரு கடையில டப்பா நெறைய கலர் கலரா செல்லுலாய்டு பிக்கு கெடந்துச்சு, மெல்லிசு, நடுத்தரம், தடிசுன்னு மூணு பாக்கெட்டும் எடுத்தேன், தடிசு பாக்கெட்ல 1.00ன்னு அச்சடிச்சுருந்துச்சு. டார்டெக்ஸ்ங்கிற பிளாஸ்டிக் பிக்கு ஆன்லைன்ல ஒரு செட்டு போட்டேன், அதுல வசதி என்னன்னா கலர் வச்சே தடிமன் தெரியும், செவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.00, ஊதா 1.14. அல்டெக்ஸ்ங்கிற வேற பிளாஸ்டிக் ரகம் ஒண்ணு 1.14, இன்னொண்ணு 1.40 வாங்குனேன்.

செல்லுலாய்டு தடிசு பாக்கெட்ல இருந்த மூணும் கைக்கு மூணு விதமா இருந்துச்சு. சந்தேகம் வந்து எங்க தெரு முனையில இருக்குற லேத் பட்டறைக்கு எல்லாத்தையும் ஒரு தீப்பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போனேன். பட்டறை அண்ணன் கையில வாங்கி வெளிச்சத்துல புடிச்சு பாத்துட்டு, "என்னப்பா இது, வாஷரா?"ன்னாரு.

"இல்லண்ணே, கிட்டார் வாசிக்கிற பிக்கு. தடிமன் சரியா அளக்கணும்."

மரப்பெட்டியத் தொறந்து மைக்ரோமீட்டர எடுத்தாரு. மொதல்ல ஒரு வெள்ளத்தாள ரெண்டு முகத்துக்கும் நடுவுல லேசா புடிச்சு உருவுனாரு, எண்ணெய் தூசி போறதுக்கு. அப்புறம் மூடி சைபர் சரியா நிக்குதான்னு பாத்தாரு. நான் வாங்கி பிக்க வச்சு திருகுனேன், கையத் தட்டிவிட்டாரு. "அந்தக் குமிழ புடிச்சு இறுக்காத. பிளாஸ்டிக்கு அமுங்கும், கம்மியாக் காட்டும். பின்னாடி ராட்செட் இருக்குல்ல, அத திருப்பு, மூணு தடவ கிளிக்குன்னா நிப்பாட்டிரு." ஒவ்வொரு பிக்கையும் ஓரத்துல இல்லாம நடுவுல ஒரு எடம், கூரான முனைக்கு கொஞ்சம் மேல ஒரு எடம்னு ரெண்டு ரெண்டு தடவ அளந்து, அவரு சொல்லச் சொல்ல நான் தீப்பெட்டி மேலயே எழுதிக்கிட்டேன்.

1.00ன்னு போட்டுருந்த செல்லுலாய்டு மூணும் 0.84, 0.91, 0.96. ஒண்ணு கூட ஒண்ணு இல்ல. டார்டெக்ஸ் ஆறும் போட்டுருந்த நம்பருக்கு 0.03-க்குள்ள நின்னுச்சு. என்னோட ஏழு வருச நைலான் பிக்கு முனையில 0.39, தேஞ்சு போய்க் கெடக்கு. 0.84-க்கும் 1.00-க்கும் விறைப்புல எம்புட்டு வித்தியாசம்னு மேல சொன்ன கணக்குல போட்டுப் பாருங்க, ஒருத்தர் 1.00 வாங்கி பிடிக்கலன்னு தூக்கிப் போட்டா அவரு தூக்கிப் போட்டது 1.00-வே இல்ல. வெர்னியரோ மைக்ரோமீட்டரோ கெடைக்கிற எடத்துல ஒரு தடவ அளந்துருங்க, பட்டறைக்காரங்க காசெல்லாம் கேக்க மாட்டாங்க.

சோதனைய இப்படி வச்சேன். ஒரே கும்மி மெட்டு, மெட்ரோனோம்ல (நிமிசத்துக்கு இத்தனை தட்டுன்னு தாளம் தட்டுற கருவி) 100-ல ஆரம்பிச்சு தட்டுக்கு ரெண்டு சுரம், பத்து பத்தா ஏத்துறது, எந்த வேகத்துல சுரம் பிந்த ஆரம்பிக்குதோ அத எழுதுறது. ஒரு பிக்குக்கு மூணு நாள், ஏன்னா புது பிக்குக்கு மொத நாள் கை முரண்டு பிடிக்கும், அத வச்சு தீர்ப்பு சொன்னா தப்பா போயிரும். 0.46 நைலான்ல 130-லயே கலங்கிருச்சு. மஞ்சள் 0.73-ல 150. பச்சை 0.88-ல 170 வரைக்கும் ஓரளவு தெளிவு, இந்த எடத்துல தான் டக்கு சத்தம் முக்கால்வாசி போச்சு. ஊதா 1.14-ல 190, படத்துல முள்ளும் அலையும் ஒட்டி நிக்குது. 190-ன்னா ஒரு விநாடிக்கு ஆறு சுரத்துக்கு மேல, அதுக்கு மேல என் எடது கை ஓடல, அது பிக்கோட தப்பு இல்ல.

1.40 அல்டெக்ஸ் இன்னும் வேகம் குடுக்கும்னு நெனச்சேன். வேகம் கூடல. ஆனா சத்தம் வேற மாதிரி ஆச்சு, நல்லா உருண்டையா, தடிச்ச கம்பி ரெண்டும் தவில் தொப்பி மாதிரி அடியில இருந்து வருது. யோசிச்சுப் பாத்தா நம்ம செட்ல ஆறாவது கம்பியே 1.35 மில்லிமீட்டர் தான், பிக்கும் கம்பியும் ஒரே தடிமன். பிரச்சனை என்னன்னா மொதல் கம்பி 0.30, அதுக்கு இம்புட்டு மொத்தமான முனை வந்து விழுந்தா மந்தமா கேக்குது. அதோட மடங்காத பிக்குல வீசி கோர்டு அடிச்சா கம்பி கைய புடிச்சு இழுக்குது, மணிக்கட்டு ரெண்டு நாள்ல வலி எடுத்துருச்சு. தடிச்ச பிக்க லேசா புடிக்கணும்ங்கிறது அப்ப தான் புரிஞ்சுது. மெல்லிசு பிக்குல மடங்குறத பிக்கு பாத்துக்கிருச்சு, தடிச்ச பிக்குல அந்த வேலைய ரெண்டு வெரலும் பாக்கணும், கம்பி தள்ளுனா பிக்கு வெரலுக்குள்ள இம்மி அளவு ஆடணும். இறுக்கிப் புடிச்சா சத்தமும் மொரடா வரும், கையும் போயிரும்.

மொதல் கம்பி மந்தமா கேக்குறதுக்கு வழி முனையில தான் இருந்துச்சு. தடிமன் ஒண்ணு, முனை ஒண்ணு, ஓரத்தோட சரிவு ஒண்ணு, இந்த மூணும் சேந்து தான் சத்தம். பாக்கெட்ல தடிமன மட்டும் போடுறதுனால நாம அத மட்டுமே பாத்து வாங்குறோம். கூரான முனை பளிச்சுன்னு கேக்கும், உருண்ட முனை கனிஞ்சு கேக்கும். ஓரத்துல சரிவு இருந்தா தடிச்ச பிக்கு கூட கம்பி மேல வழுக்கிக்கிட்டு போகும், சரிவு இல்லாம வெட்டுன மாதிரி இருந்தா கொக்கி மாதிரி மாட்டும்.

கடையில உப்புத்தாள் 400, 800, 1500, 2000 நம்பர்ல ஒவ்வொண்ணு வாங்கிட்டு வந்தேன், 800-க்கு மேல தண்ணியில நனைச்சு தேய்க்கிற ரகம். 400-ஐ ஒரு கண்ணாடித் துண்டு மேல விரிச்சு ஒட்டிட்டு, கிட்டார் வாசிக்கிற மாதிரியே பிக்க புடிச்சுக்கிட்டு, கம்பியில படுற அதே சாய்வுல தாள் மேல மெதுவா இழுத்தேன். இது முக்கியம், கண்ணால பாத்து சாய்வு போட்டா நம்ம கைக்கு அது சேராது, கை எந்த சாய்வுல போகுதோ அந்த சாய்வுல தேஞ்சா தான் சரி. கீழ்மீட்டுக்கு ஒரு பக்க ஓரம், மேல்மீட்டுக்கு அந்தப் பக்கத்து ஓரம், ரெண்டும் எதிர் எதிரா வரும். இருபது இழுப்பு, திருப்பி இருபது, வாசிச்சுப் பாத்து இன்னும் பத்து. அப்புறம் 800, 1500, 2000ன்னு தண்ணி தொட்டு வழவழப்பு ஏத்தி, கடைசியில பழைய ஜீன்ஸ் துணியில முனை சூடாகுற அளவுக்கு தேச்சேன். வழவழப்பு ஏத்தாம விட்டா கம்பியில சர்ருன்னு ஒரு சத்தம் வரும், சுத்துக்கம்பியில ரொம்பவே கேக்கும்.

1.40-ஐ தேச்சப்புறம் மொதல் கம்பி வாயத் தொறந்துச்சு. தடிமன் அதே தான், முனை மட்டும் மாறிருக்கு.

வீட்லயே செஞ்சு பாத்ததையும் சொல்லிர்றேன். காலாவதியான ஏடிஎம் கார்டு 0.76 மில்லிமீட்டர், எல்லா கார்டுக்கும் அது தான் அளவு, அதுனால 0.73 வாங்க காசில்லாத பசங்களுக்கு கத்தரிக்கோல் போதும். ஆனா அது மெதுவான பிளாஸ்டிக்கு, அடுக்கடுக்கா ஒட்டுனது வேற, நாலு நாள்ல முனை தேஞ்சு ஓரம் ஏடு பிரிஞ்சுரும். ரெண்டு கார்ட ஃபெவிக்விக் போட்டு ஒட்டுனேன், 1.5 வந்துச்சு, சத்தம் அட்டையில தட்டுன மாதிரி, எனக்கு பிடிக்கல. கொட்டாங்குச்சி தான் ஆச்சரியம். முத்துன தேங்காயோட ஓட்டை அரத்துல தேச்சு 2 மில்லிமீட்டருக்கு கொண்டாந்து முனை எடுத்தா, சின்னக் குழிவு இருக்கும் பாருங்க, கட்டைவிரல் அதுல அப்படியே உக்காந்துரும். டக்கு சத்தமே இல்லாத கனிஞ்ச குரல், தெம்மாங்க மெதுவா இழுத்து வாசிக்க அதுக்கு ஈடா நான் வாங்குன எதுவும் இல்ல. ஆறாவது நாள் முனையில ஒரு சில்லு பேந்துருச்சு. மறுபடி தேச்சு வச்சுருக்கேன், தனியா வாசிக்கையில மட்டும் எடுப்பேன்.

ஆமை ஓட்டு பிக்கு தான் உசத்தின்னு எங்கிட்ட ரெண்டு பேரு சொன்னாங்க. அந்தக் காலத்துல பெரிய வாசிப்பாளிகள் அத வச்சுருந்தது உண்மை, டோனி ரைஸும் வச்சுருந்தாரு. அது அழுங்காமையோட ஓடு. நம்ம ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவுல இருக்குற அதே அழுங்காமை தான், அழிஞ்சுக்கிட்டு இருக்கு, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அத கொல்றதும் விக்கிறதும் குத்தம். யாராச்சும் குடுத்தா கூட வாங்காதீங்க. டார்டெக்ஸ்ங்கிற பேரே ஆமை ஓட்டுக்கு மாத்தா 1981-ல வந்ததுனால வச்சது தான், அதுவே போதும்.

வேர்வைய பத்தி யாரும் பேசுறதில்ல, மதுரையில மே மாசம் கரண்ட் போன நேரத்துல வாசிக்கிறவங்களுக்கு அது பெரிய விசயம். வழுக்குற பிக்க நாம அறியாம இறுக்கிப் புடிப்போம், இறுக்குனா மேல சொன்ன எல்லாக் கெடுதலும் வரும். பளபளன்னு இருக்குற செல்லுலாய்டு ரொம்ப வழுக்குச்சு, டார்டெக்ஸ் மேல மாவு மாதிரி ஒரு சொரசொரப்பு இருக்கும், அது பரவால்ல. அல்டெக்ஸ்ல வெரல் படுற எடத்துல மட்டும் குண்டூசியால குறுக்கும் நெடுக்குமா கோடு கீறி விட்டேன், ரெண்டு பக்கமும். முனைப் பக்கம் கீறக்கூடாது. அதுக்கப்புறம் கையில இருந்து நழுவல.

கடைசியில எது நின்னுச்சுன்னா, மெட்டு வாசிக்க ஊதா 1.14, ரெண்டு ஓரமும் சரிச்சு, முனைய இம்மி உருட்டுனது. 1.40 எனக்கு குரல் பிடிச்சுருக்கு, ஆனா ஒரே பாட்டுல பாதி கோர்டு பாதி மெட்டுன்னு வந்தா 1.14 தான் ரெண்டுக்கும் வளைஞ்சு குடுக்குது. கொயருக்கு மஞ்சள் 0.73, பழைய 0.46-க்கு நான் திரும்பப் போகல, ஏன்னா 0.73-லயே வீச்சு சுகமா இருக்கு, நடுவுல ஒரு சின்ன மெட்டு வந்தாலும் எடுக்க முடியுது. புதுசா ஃப்ளாட்பிக்கிங் ஆரம்பிக்கிறவங்க யாராச்சும் எங்கிட்ட கேட்டா, மெல்லிசு பிக்குல இருந்து ஒரேயடியா 1.14-க்கு தாவாதீங்க, பச்சை 0.88-ல ஒரு மாசம் இருங்க, வெரல லேசாக்கிப் பழகுங்க, அப்புறம் ஏறுங்கன்னு சொல்லுவேன். கம்பி 11-52 போட்டுருந்தா 1.00-லயே நிறுத்திக்கலாம், இழுப்பு கம்மி தானே.

போன வாரம் ராத்திரி அதே கும்மி மெட்ட வாசிச்சேன், அப்பா உள்ரூம்ல இருந்து எந்திரிச்சு வரல. காலையில டீ குடிக்கையில, "இப்ப ஒரு அடிக்கு ஒரு சத்தம் தான் வருது"ன்னாங்க.

நேத்து அந்த ஊதா பிக்க மறுபடி பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் அளந்தேன், ராட்செட் மூணு கிளிக்கு. நடுவுல 1.14, முனைக்கு மேல 1.09. கீழ்மீட்டு ஓரம் தான் ஜாஸ்தி தேஞ்சுருக்கு. இன்னொரு மாசத்துல மறுபடி கண்ணாடித் துண்டும் 400 தாளும் எடுக்கணும்.